ஜெயராமனின் நாற்காலியில் கோவிந்தன்

1

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை மறைக்கப் போவதில்லை. பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்கள் நோயாளிகளிடம் எவ்வளவு மனிதத்தனமாக நடந்துகொள்கிறார்கள் என்று அளந்து பார்க்க ஓர் அளவுகோல் செய்தது. ஆண்டு 1999. ஆங்கிலத்தில் இருந்த அந்த அளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவன் நான்.

மனிதத்தனம் என்று அதில் போடவில்லை. போட்டால் எந்த மாநாட்டுக்கும் கூப்பிட மாட்டார்கள். 'நோயாளிப் பராமரிப்பில் உளசமூகத் திறன்கள்' என்று இருந்தது. 'உளசமூக' என்பது என் கைவேலை. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சோற்றில் கல் கடிபட்டதுபோல் இருக்கும். நோயாளிக்குச் சமமான உயரத்தில் உட்கார்ந்தாரா. கண்ணைப் பார்த்துப் பேசினாரா. கெட்ட செய்தியைச் சொன்னபின் சற்று மௌனமாக இருந்தாரா. பொருத்தமான இடத்தில் கையைத் தொட்டாரா. வீட்டில் யார் யார் என்று விசாரித்தாரா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று மதிப்பெண். கையைத் தொட்டால் இரண்டு. தொடலாமா என்று தயங்கினால் ஒன்று. தயங்கிக்கொண்டே இருந்துவிட்டால் பூஜ்யம்.

கூடவே, தமிழ் நோயாளிகளிடம் சொல்வதற்கு மாதிரி வாக்கியங்களும் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். 'இது உங்களுக்குக் கடினமான செய்தியாக இருக்கக்கூடும்.' 'உங்கள் உணர்வுகளை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.' இப்படிப் பெங்களூரில் எந்தத் தமிழனும் பேசி நான் கேட்டதில்லை. இதற்காக வருத்தப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்கள் வருத்தப்பட ஆரம்பித்தால் நாட்டில் பாதி அறிவிப்புப் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும்.

(கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். வழக்குக்குப் பயந்து அல்ல. இல்லாத கல்லூரிக்குப் பெயர் தேடும் சோம்பலினால்.)

2

ஆரம்பிக்கிறேன்.

'அன்று காலை பெங்களூர் பனிமூட்டத்தில் ஆழ்ந்திருந்தது. கோவிந்தன் தன் பழைய ஸ்வெட்டரை—'

வேண்டாம். பெங்களூர் என்றதும் பனியைக் கொண்டுவருகிற எழுத்தாளர்களை எனக்குப் பிடிக்காது. கோவிந்தன் குடியிருந்தது தொழிற்சாலைகள் நெருங்கிய பீன்யாவில். அங்கே காலையில் மூட்டமாக இருந்தால் அது பனிதானா என்று முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும்.

'மருத்துவம் என்பது விஞ்ஞானம் மட்டுமல்ல, அது ஒரு கலையும்—'

இது அளவுகோலைச் செய்த பேராசிரியர் டாக்டர் ருத்ரப்பாவின் சொற்பொழிவில் முதல் வரி. அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

'கோவிந்தனுக்கு இருமல் இருந்தது.'

இது போதும். இப்படியே போகிறேன்.

3

கோவிந்தனுக்கு இருமல் இருந்தது. மழைக்காலத்தில் வந்தது, மழை போன பிறகும் போகவில்லை. பித்தளைக் குழாய்களுக்குப் பாலிஷ் போடுகிற பட்டறையில் அவருக்கு வேலை. சாயங்காலம் துப்பினால் பச்சையாக வரும். எல்லோருக்கும் அப்படித்தான் வரும் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எடுத்துக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் தங்கவயலில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்து, நெஞ்சில் கல்தூசி அடைந்து போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் படுக்க முடியாது; சுவரில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், வந்தபோதெல்லாம் வாசலில் நின்றபடியே "ஒண்ணுமில்லப்பா, சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒண்ணுமில்லை எட்டு மாதத்தில் முடிந்தது.

எனவே கோவிந்தன் இருமலைப் பற்றி வீட்டில் வாயே திறக்கவில்லை. மனைவி கிருஷ்ணம்மாள்தான் பிடித்துத் தள்ளினார். கார்மெண்ட்ஸில் காலர் தைக்கிறவர். ஒரு தையல் பிசகினால் பிரித்துத் திரும்பத் தைக்கிற ஆள். சனிக்கிழமை அவரே கூட்டிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தார். செவ்வாய்க்கிழமை முடிவு. அன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கோவிந்தன் தனியாகப் போனார்.

கவுண்டரில் எக்ஸ்ரே உறையைக் கையில் கொடுத்து, மாடியில் பதினான்காம் அறைக்குப் போகச் சொன்னார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டடங்கள். இரண்டிலும் மாடி, இரண்டிலும் பதினான்காம் அறை. கோவிந்தன் ஏறிய மாடியில் ஒரு குமாஸ்தா கையில் பட்டியலோடு பதைத்துக்கொண்டிருந்தார்.

"பேஷண்ட்டா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"லங்ஸ் தானே?"

"ஆமா சார்."

"இன்னாப்பா, இவ்ளோ லேட்டு. உள்ள போய் உக்காரு."

கோவிந்தன் உள்ளே போய் உட்கார்ந்தார். கதை முழுவதும் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளைவு.

4

அந்த நாற்காலி ஜெயராமனுக்கு உரியது. ஒக்கலிபுரத்தில் குடியிருப்பவர், ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை, ஓய்வு நேரத்தில் தமிழ்ச் சங்க நாடகங்களில் தகப்பன் வேடம். பரீட்சைக்காக நோயாளி வேடம் போட ருத்ரப்பா அவரை ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு மாணவனும் உள்ளே வந்து, நுரையீரலில் புற்றுநோய் என்ற செய்தியை ஜெயராமனிடம் சொல்ல வேண்டும். ஜெயராமன் அதிர வேண்டும். ஜெயராமனை முன்பின் பார்த்திராத இரண்டு உதவிப் பேராசிரியர்கள் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார்கள். மணி அடித்தால் அடுத்த மாணவன். ஜெயராமன் மறுபடி முதலிலிருந்து அதிர வேண்டும்.

அன்று மெஜஸ்டிக்கில் ஒரு லாரி கவிழ்ந்து, ஜெயராமன் ஏறிய பஸ் மதியம்வரை நகரவில்லை. இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் அவர்தான். ஒரு கல்யாணப் பந்தியில் சிரிப்புக் கதையாகச் சொன்னார். சிரிப்பு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டார். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்று கேட்டேன். தெரியாது என்று ரசத்துக்குக் கை நீட்டினார். அதனால்தான் நான் பீன்யாவுக்குப் போய்த் தேட வேண்டியதாயிற்று.

(வாசகருக்கு: சிரிப்புக் கதையே போதும் என்கிறவர்கள் ஏழாம் பகுதியின் நடுவில் எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கேவலமாக நினைப்பேன், அவ்வளவுதான்.)

5

முதலில் வந்தவன் தினேஷ். வகுப்பில் முதல் மாணவன். கதவை மெல்லச் சாத்தினான். நாற்காலியை இழுத்து, கோவிந்தனின் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தான். இதுவரை எந்த டாக்டரும் தன் முன்னால் உட்கார்ந்து கோவிந்தன் பார்த்ததில்லை. எக்ஸ்ரே உறையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. நாம் எதிர்பார்த்தபடி அவை இல்லை" என்றான். தமிழ் அவனுக்கு வீட்டு மொழி அல்ல. மனப்பாடம் செய்திருந்தான். வானொலிச் செய்திபோல் ஒலித்தது. வானொலியில் சொன்னால் பொய்யாக இருக்காது என்று நம்பி வளர்ந்தவர் கோவிந்தன்.

"உங்கள் நுரையீரலில் புற்றுநோய் உள்ளது."

கோவிந்தனுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும், கேன்சரா என்று கேட்டார். தினேஷ் கண்ணை விலக்காமல் தலையசைத்தான். பிறகு மௌனமாக இருந்தான். அளவுகோல் கேட்ட அளவுக்கு இருந்தான். பிறகு கையை எடுத்துக் கோவிந்தனின் கைமேல் வைத்தான்.

கோவிந்தன் அழுதார். சத்தம் வரவில்லை. தோள்தான் குலுங்கியது. மூலையில் இருந்த இருவரில் ஒருவர் தலை தூக்கிப் பார்த்து, மற்றவரிடம் பாராட்டாகப் புருவத்தை உயர்த்தினார்.

எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று தினேஷ் கேட்டான். அது அளவுகோலில் பதினோராவது கேள்வி.

இருபது வருஷமாக ஒருவரிடமும் சொல்லாததைக் கோவிந்தன் அப்போது சொன்னார். அப்பா சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்த ராத்திரிகளில், அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல் தான் எழுந்து வெளியே போய்விடுவதைச் சொன்னார். கடைசியிலும் வெளியேதான் நின்றிருந்ததைச் சொன்னார். எனக்கும் அதேதான் நடக்கும், என் பொண்ணு எழுந்து வெளியே போகும், போகத்தான் செய்யும், அது தப்பில்லை என்றார். தினேஷ் தலையசைத்துக் கேட்டான். "உங்கள் உணர்வுகளை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது" என்றான். மணி அடித்தது. எழுந்து போனான்.

(தினேஷைக் கெட்டவனாக எழுத எனக்கு ஆசைதான். இரண்டு முறை எழுதியும் பார்த்தேன். தாளில் நிற்க மாட்டேன் என்கிறான். எதிரே இருப்பது நடிகர் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நடிகருக்கு முன் அவனும் நடித்தான். வெளியே வந்து, செம ஆக்டர், எனக்கே கண் கலங்கிவிட்டது என்று நண்பர்களிடம் சொன்னானாம். அவனை விட்டுவிடுகிறேன். என் வெறுப்பை வேறு இடத்துக்குச் சேமிக்கிறேன்.)

அடுத்து மஞ்சுநாத். அவனும் நாற்காலியை இழுத்தான், அவனும் அதே வாக்கியத்தில் தொடங்கினான். முன்னாடி வந்த டாக்டர் சொல்லிவிட்டாரே என்று கோவிந்தன் சொன்னார். மஞ்சுநாத் குழம்பினான். மூலையைப் பார்த்தான். பிறகு குனிந்து, "புதுசா கேக்கற மாதிரி கேளுங்க, ப்ளீஸ்" என்று கெஞ்சினான்.

கோவிந்தன் புதிதாகக் கேட்டார்.

கேட்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி. ஒருத்தர் சொன்னால் தவறாக இருக்கலாம் என்று தனித்தனியாக டாக்டர்களை அனுப்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குத் தெரியாது. இருந்தும் வருகிறவர்கள் எல்லாம் ஒரே முடிவைச் சொல்கிறார்கள். மூன்றாவதாக சித்தார்த் என்பவன் வந்து அதையே சொன்னபோது கோவிந்தனுக்கு அழுகை தீர்ந்துபோயிருந்தது. எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்கள் என்று அவன் கேட்டதற்கு, "அதே தான் சார், மாத்தமில்ல" என்றார்.

வெளியே வராந்தாவில், பரீட்சை முடித்து வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ருத்ரப்பா மகிழ்ச்சியாக இருந்தார். போன தடவை ஜெயராமன் அதிகமாக நடித்துவிட்டார் என்று அவருக்குக் குறை. இந்த முறை எவ்வளவு அடக்கம், எவ்வளவு இயற்கை.

6

இப்போது வீணா வருகிறாள். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

மற்றவர்கள் ஏமாந்த இடத்தில் ஒரு பெண் மட்டும் கண்டுபிடிக்கிறாள் என்றால் வாசகர் உடனே அவளுக்கு விளக்கேற்றி வைத்துவிடுவார். வைக்காதீர்கள். வீணா சராசரி மாணவி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், தமிழ் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கற்றது. அதனாலேயே என் மாதிரி வாக்கியங்கள் அவள் வாயில் நுழையவில்லை. பயத்தில் அவற்றை முழுக்க மறந்தும் விட்டாள். உட்கார்ந்தாள், வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை.

கோவிந்தன்தான் பேசினார். "நீங்களாவது வேற எதுனா சொல்லுவீங்களா மேடம்?"

அவள் அவர் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் கருப்பு ஏறி உறைந்திருந்தது. நடிகருக்கு இப்படி மேக்கப் போடுவார்களா என்று தோன்றியது. சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. மடியில் எக்ஸ்ரே உறை. பெயர் கேட்டாள். கோவிந்தன் என்றார். அவளுக்குக் கொடுத்திருந்த தாளில் நோயாளியின் பெயர் வேறு. யார் உங்களை இங்கே வரச் சொன்னது என்று கேட்டாள். கவுண்டரில் சொன்னார்கள் என்றார்.

வீணா நாற்காலி சாயும்படி எழுந்து கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

கோவிந்தன் பார்த்தது இவ்வளவுதான்: தன் கையையும் சீட்டையும் பார்த்த சின்ன டாக்டரம்மா முகம் வெளுத்து வெளியே ஓடியது. வராந்தாவில் ஒரு பெரிய டாக்டரிடம் இங்கிலீஷில் கத்தியது. பெரிய டாக்டர் சிரித்தது. பிறகு கோபித்தது. அந்தப் பெண் அழுதது. நம்ம நிலைமை டாக்டரே பயப்படுகிற நிலைமை என்று கோவிந்தன் எடுத்துக்கொண்டார்.

ருத்ரப்பா சொன்னதன் சாரம்: நடிகர் சொந்தமாகச் சேர்த்துப் பேசுவார், அதுதான் நடிப்பு, நோயாளியைப் பாதியில் விட்டு ஓடிவருவதைப் போன்ற உளசமூகக் குறைபாடு வேறில்லை. மதிப்பெண் பூஜ்யம்.

அவள் அழுதது கோவிந்தனுக்காகவா, பூஜ்யத்துக்காகவா? ஜெயராமனைக் கேட்டால் பூஜ்யத்துக்கு என்பார். எனக்கு—

(இந்த வாக்கியத்தை முடிக்கப் பலவிதமாகப் பார்த்தேன். எல்லாம் அவளுக்குச் சாதகமாகவே முடிகின்றன. விட்டுவிடுகிறேன்.)

அவளுக்குப் பிறகும் இரண்டு பேர் உள்ளே போய்ச் செய்தியைச் சொன்னார்கள். இருவரும் கையைத் தொட்டார்கள்.

7

மதியம் ஜெயராமன் மூச்சிரைக்க மாடியேறி வந்து, குமாஸ்தாவிடம் லாரி கதையைத் தொடங்கினார். குமாஸ்தா பட்டியலைப் பார்த்தார். மூடிய கதவைப் பார்த்தார். ஜெயராமனைப் பார்த்தார். இந்த இடத்தில்தான் கல்யாணப் பந்தி சிரித்தது.

இனி, ருத்ரப்பா உள்ளே போய்க் கோவிந்தனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று இருபது இனங்களில் பிரித்து எழுதிய மனிதர். ஆனால் நல்ல செய்திக்கு அதில் ஓர் இனமும் இல்லை. நாங்கள் தவறு செய்துவிட்டோம் என்பதற்கும் இல்லை. எனக்குத் தெரியும், நான்தான் மொழிபெயர்த்தேன்.

அவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார். பின்னால் குமாஸ்தாவும் இரண்டு உதவிப் பேராசிரியர்களும் எட்டிப் பார்த்தார்கள். கோவிந்தனின் மடியிலிருந்து உறையை வாங்கி, படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அவர் நெற்றி வேர்த்திருந்தது. கோவிந்தனைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா. சும்மா கெமிக்கல் தூசி இருமல். சிரப் எழுதித் தரேன். இவங்கல்லாம் ஸ்டூடண்ட்ஸ், இது எக்ஸாம். அவங்க சொன்னது உனக்கு இல்ல. ஆயித்து, ஊட்டா மாடிட்டு கிளம்பு."

ஊட்டா என்றால் கன்னடத்தில் சாப்பாடு. ஜெயராமனுக்காக வாங்கி வைத்திருந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைக் குமாஸ்தா கோவிந்தனின் கையில் வைத்தார்.

ருத்ரப்பா சொன்னது உண்மை. படத்தில் ஒன்றும் இல்லை. நுரையீரல் சுத்தமாக இருந்தது. கதாசிரியன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். இதில் ஒரு திருப்பமும் வைக்கவில்லை.

ஆனால் நீங்கள் கோவிந்தனாக இருந்து பாருங்கள். காலையிலிருந்து வந்தவர்கள் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, கையைப் பிடித்து, குடும்பத்தை விசாரித்து, ஒரே குரலில் ஒன்றைச் சொன்னார்கள். இப்போது ஒருவர் வாசலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேர்த்து, அவசரமாக, ஒண்ணுமில்லப்பா என்கிறார். கோவிந்தனுக்கு இந்த வார்த்தையைத் தெரியும். இது வாசலில் நின்றபடி சொல்லப்படுவது. இதைச் சொன்ன பிறகு மனிதர்கள் எட்டு மாதம் இருப்பார்கள்.

அவர் எழுந்து, சரிங்க சார் என்று கும்பிட்டுவிட்டுப் பொட்டலத்தோடு வெளியே வந்தார்.

*ஒரு குறிப்பு. அடுத்த வருஷம் ருத்ரப்பா இந்த அளவுகோலைப் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். அளவுகோல் மிகவும் நம்பகமானது என்று புள்ளிவிவரம் காட்டியது. மதிப்பெண் போட்ட இருவரும் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய முழுவதும் ஒத்துப்போயிருந்தார்கள். வீணாவின் பூஜ்யத்திலும் ஒத்துப்போயிருந்தார்கள்.

8

கிருஷ்ணம்மாளை நான் பார்த்தபோது அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். எந்த ஆஸ்பத்திரியும் இல்லை, கதை எழுதுகிறவன் என்றேன். அது அதைவிடக் கேவலமா என்று யோசிப்பதுபோல் பார்த்தார். பிறகு படியில் உட்கார்ந்து சொன்னார். இனி வருவதெல்லாம் அவர் சொன்னது.

கோவிந்தன் அன்று வீட்டுக்கு வந்து எதையும் மறைக்கவில்லை. கேன்சர் என்று ஐந்து டாக்டர் சொன்னார்கள், ஒருத்தர் இல்லை என்று பொய் சொன்னார் என்றார். மறுநாளே கிருஷ்ணம்மாள் வேலையை விட்டுவிட்டு அந்த வராந்தாவில் போய் நின்றார். பரீட்சை, நடிகர், குமாஸ்தா என்று சுற்றி வளைத்து ஒருவழியாக விஷயம் புரிந்தது. புரிந்ததும் அவர் போட்ட சத்தத்தில் இரண்டு கட்டடத்தின் பதினான்காம் அறைகளும் திறந்தன என்று ஜெயராமன் சொன்னார். கிருஷ்ணம்மாள் அதைச் சொல்லவில்லை. "கேட்டேன், அவ்ளோதான்" என்றார்.

எக்ஸ்ரேயை வேறு டாக்டரிடம் காட்டினார். சுத்தம் என்றார். ராஜாஜிநகரில் இன்னொருவரிடம் காட்டினார். அவரும் சுத்தம் என்றார். கோவிந்தன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மனைவிக்குத் தெரிந்துவிட்டது, தனக்காக மறைக்கிறாள் என்று அவருக்குப் புதிதாக ஒரு துக்கம் சேர்ந்தது. அவளுக்குக் கஷ்டம் வைக்கக் கூடாது என்று நம்பினதுபோல் காட்டிக்கொண்டார். நடிக்கத் தெரியாத மனிதர். கிருஷ்ணம்மாள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார்.

கோவிந்தன் வேலைக்குப் போவதை நிறுத்தினார். சோறு குறைந்தது. இருமல் சிரப்பில் நின்றுபோயிருந்தது. நின்றதை உள்ளே அமுங்கிவிட்டதாக எடுத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் படுக்கையைச் சுவரோரம் நகர்த்தி, தலையணையைச் சுவரில் வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கத் தொடங்கினார். மகள் மரகதத்தைத் தன் அறையில் தூங்க வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்.

"நோவே இல்லாத ஆளுக்கு அரை வருஷம் நோவாளிக் கஞ்சி வெச்சேன்" என்றார் கிருஷ்ணம்மாள். "நோவு இருந்திருந்தா மருந்தாவது குடுத்திருப்பேன்."

9

இங்கே எனக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன.

முதல் முடிவு: கோவிந்தன் வழக்குப் போடுகிறார். ருத்ரப்பா கூண்டில் நின்று தலைகுனிகிறார். இதை எழுதினால் நான் இந்த நாட்டில் வசிப்பவனே அல்ல என்று ஆகிவிடும்.

இரண்டாவது: எக்ஸ்ரேயில் தெரியாத நோய் உண்மையாகவே இருந்தது, கோவிந்தன் இறந்துபோகிறார், மாணவர்கள் சொன்னது பலித்துவிடுகிறது. இதைப் படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடலாம். பத்திரிகைகள் இதைக் கேட்டு வாங்கிப் போடும். ஆனால் ஏழாம் பகுதியில் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். தவிர, ருத்ரப்பாவின் அளவுகோலுக்கு நோயைக் கண்டுபிடிக்கும் பெருமையையும் சேர்த்துத் தர எனக்கு மனமில்லை.

மூன்றாவது: வீணா வருகிறாள், அழகாக நான்கு வார்த்தை பேசுகிறாள், கோவிந்தன் எழுந்து நிற்கிறார்.

இதில் பாதி நடந்தது. வீணா வந்தாள்.

பரீட்சையில் தவறியதால் அவள் அரை வருஷம் கழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. அதற்குள் ஒருநாள், ஆஸ்பத்திரிப் பதிவிலிருந்து முகவரி தேடிப் பிடித்து, பீன்யாவில் அந்தத் தெருவைக் கண்டுபிடித்து, கதவைத் தட்டினாள். கிருஷ்ணம்மாள் விரட்டத்தான் வந்தார். அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றவும் தைரியமில்லாமல் நின்றதைப் பார்த்து, சரி போ, நீயும் சொல்லிப் பாரு என்று வழிவிட்டார்.

கோவிந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். பயந்து ஓடின டாக்டரம்மா. உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள். அவர் இருந்த இருப்பையும் சுவர்த் தலையணையையும் பார்த்ததும் அவளுக்கு, யோசித்து வந்ததெல்லாம் போய்விட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லிங்க" என்றாள். "அன்னிக்கு அவங்க எல்லாம் பொய்யி சொன்னது. பரீச்சைக்குச் சொன்னது."

கோவிந்தன் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார் என்று கிருஷ்ணம்மாள் சொன்னார். அவளுக்கு ஆறுதல் தேவைப்படுகிறது என்று நினைத்ததுபோல் இருந்ததாம்.

"பரீட்சைன்னா எல்லாருக்கும் மார்க் போட்டாங்களா மேடம்?"

"போட்டாங்க."

"மொதல்ல வந்தாரே, அந்தத் தம்பி?"

"அவன் ஃபர்ஸ்ட்டு. மத்தவங்க எல்லாம் பாஸ்."

"நீங்க?"

"நான் ஃபெயிலுங்க."

கோவிந்தன் தலையை ஆட்டினார். கேலி ஒன்றும் இல்லை. கணக்குத் தெரியாத ஆள் கணக்குத் தெரிந்தவரிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"பாஸானவங்க அத்தினி பேரும் இருக்குதுன்னாங்க. ஃபெயிலான நீங்க இல்லேங்கிறீங்க. நான் யாரம்மா நம்பறது?"

அந்த நேரம் பார்த்துத் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பீன்யாவில் தண்ணீர் வந்தால் கடவுளே வீட்டுக்குள் இருந்தாலும் விட்டுவிட்டு ஓடத்தான் வேண்டும். கிருஷ்ணம்மாள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார். சண்டை போட்டு, நிரப்பி, திரும்பி வந்தபோது வீணா போவதற்கு எழுந்து நின்றிருந்தாள். கோவிந்தன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீணா என்ன பதில் சொன்னாள் என்று கிருஷ்ணம்மாள் கேட்கவில்லை, கணவரும் சொல்லவில்லை. வீணா இப்போது எந்த ஊரில் டாக்டராக இருக்கிறாள் என்று தெரியவில்லை. நானும் தேடவில்லை. தேடிக் கண்டுபிடித்துக் கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

ஆனால் அடுத்த வாரம் கோவிந்தன் பட்டறைக்குத் திரும்பிப் போனார். அப்போ நம்பிவிட்டார் என்று நான் அவசரப்பட்டு மகிழ்ந்தேன்.

கிருஷ்ணம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், ருத்ரப்பாவுக்கும் எனக்கும் அவர் பெரிய வித்தியாசம் காணவில்லை என்பது தெரிந்தது.

"வேலைக்குப் போனாரு சார். வேலைக்குப் போறவங்க எல்லாம் நம்பிட்டா போறாங்க?"

எனவே என்னால் முடிக்க முடியவில்லை. குழாயடிக்குப் போய்த் திரும்பிய அந்த நேரத்தில் வீணா சொன்ன பதிலுக்காகக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். விருப்பமுள்ள வாசகர்கள் எழுதலாம். அழகாகப் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம்.